கல் ரோஜாவுக்குக் காவல்

என்னைத் திருடின்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. பதினோரு பேர் கையெழுத்து. திங்கக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பேப்பரை மேஜை மேல வெச்சு, "நீங்களே படிங்கம்மா"ன்னார். நின்னுக்கிட்டே படிச்சேன். வேலைக்காரங்களை உக்காரச் சொல்ற வழக்கம் அந்த ரூம்ல கிடையாது.

லெட்டர்ல இருந்தது இதுதான். இந்த டயாலிசிஸ் சென்டருக்குக் காலை ஷிஃப்ட்ல வர்ற நோயாளிங்களுக்கு ஜன்னல் வழியா பூ தெரியுது. மதியம் வர்ற எங்களுக்கு வெறும் பச்சைச் செடிதான் தெரியுது. நடுவுல தோட்டக்காரம்மா பூவையெல்லாம் பறிச்சு வெளியில வித்துடறாங்க. தக்க நடவடிக்கை எடுக்கணும். கீழ கையெழுத்தெல்லாம் கோணல் மாணலா இருந்துச்சு. ஒரு கையில ஊசி குத்தி மெஷினோட கட்டிப் போட்டிருக்கறப்ப, மத்த கையால போட்ட கையெழுத்து வேற எப்படி இருக்கும். முதல்ல இருந்தது மதிய ஷிஃப்ட்ல வர்ற ஒரு தையல்காரரோடது. அது மட்டும் அளவெடுத்த மாதிரி நேரா இருந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், காது ரெண்டும் சூடாயிடுச்சு. பதினாறு வருஷமா மண்ணுல கைய வெச்சுப் பொழைக்கறவ நான். அடுத்த வீட்டு வேலி தாண்டித் தொங்கற பூவைக்கூட கிள்ளினது இல்ல.

"சார், அது ஒரு நாள் பூ. காலையில விரியும், வெயில் ஏறினா தானா கொட்டிடும். அதோட குணமே அதுதான்"னேன்.

"எங்க வீட்டுச் செடியில எல்லாம் பூ ரெண்டு நாள், மூணு நாள் இருக்கேம்மா."

"உங்க வீட்டுச் செடி வேற, இது வேற சார். நீங்க ஒரு நாள் ஏழு மணிக்கு வந்து பாருங்க, தெரியும்."

ஏழு மணின்னதும் அவர் முகம் போன போக்கைப் பாக்கணும். பதினோரு மணிக்கு வந்து நேரா ஏசி ரூமுக்குள்ள போறவர் அவர். லெட்டரை மடிச்சார். "இதோ பாருங்க, எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல. எனக்குப் புகார் வரக்கூடாது, அவ்ளோதான். வெள்ளிக்கிழமை ஆள் வருவாங்க, எட்டுச் செடியையும் பிடுங்கிடலாம். பிளாஸ்டிக் செடி சொல்லிட்டேன். காலையிலயும் பூ இருக்கும், மதியமும் பூ இருக்கும். தண்ணியும் மிச்சம்." அப்புறம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "அதுவரைக்கும் வீட்டுக்குப் போறப்ப வாட்ச்மேன்கிட்ட பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க"ன்னார்.

சந்தேகம் இல்லையாம், பையை மட்டும் திறந்து காட்டணுமாம். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். சம்பளம் வாங்கற இடம். பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளியில வந்துட்டேன்.

அந்தச் செடி எப்படி அங்க வந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? டயாலிசிஸ் ஹாலுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ள எட்டு நாற்காலி, எட்டு மெஷின். கிட்னி வேலை செய்யாதவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கணும். அந்த நாலு மணி நேரமும் அவங்களுக்கு எதிர்ல இருந்தது என்ன தெரியுமா? சுவரோரமா ஒரு முழ அகலத்துக்குக் கட்டடம் கட்டின மிச்சம். கல்லு, ஜல்லி, உடைஞ்ச ஓடு. மேற்கு வெயில் வேற. நான் அங்க வெக்காத செடி இல்ல. எல்லாம் பதினஞ்சு நாள்ல கருகிப்போச்சு.

நர்சரிக்காரர்தான் இதைக் குடுத்தார். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடியாம், அங்க மலைச்சரிவுல பாறை இடுக்குல தானா வளருமாம். லேபிள்ல வாயில நுழையாத பேர் ஒண்ணு இருந்துச்சு. அவர் 'கல் ரோஜா'ன்னார், நானும் அப்படியே வெச்சுக்கிட்டேன். "இதுக்கு எரு போட்டீங்க, கெடுத்தீங்க. தண்ணி ஊத்தினீங்க, கொன்னீங்க. வேரைக் கிளறிட்டா அப்புறம் எங்க நட்டாலும் பொழைக்காது"ன்னார். ஆகாதுன்னு ஒதுக்கின மண்ணுலதான் நல்லா வருமாம். கேட்டதும் எனக்குப் பிடிச்சுப்போச்சு.

முதல் வருஷம் பத்து நாளைக்கு ஒரு தடவை ஆழமாத் தண்ணி விட்டேன். அதுக்கப்புறம் மழையோட சரி. பூத்து முடிஞ்சதும் நுனிப் பச்சையை மட்டும் கிள்ளி விடணும். பழைய கட்டையில கத்தரி பட்டா அந்தக் கிளை திரும்பத் துளிர்க்காது. வெயில் காலத்துல இலையெல்லாம் பிசின் கசிஞ்சு கத்தரியில ஒட்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாத்தான் போகும். போன வருஷம் இதே மேனேஜர், மெஷினுக்குத் தண்ணி சுத்தம் பண்றப்ப வெளியேறுற உப்புத் தண்ணியை வீணாக்கக்கூடாதுன்னு, குழாயை என் செடி மேலயே திருப்பி விட்டார். மூணே நாள்ல இலை ஓரம் கருகிடுச்சு. நான்தான் குழாயைப் பிடுங்கிச் சாக்கடையில விட்டேன். அதுக்கும் திட்டு வாங்கினேன்.

இந்த வருஷம் பூத்துது பாருங்க, அப்படி ஒரு பூப்பு. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ, அஞ்சு இதழ், ஒவ்வொரு இதழ் அடியிலயும் கருஞ்சிவப்பா ஒரு பொட்டு. காலை ஷிஃப்ட் ரிட்டயர்டு டீச்சர் அதை போன்ல படம் பிடிச்சு ஊர் முழுக்கக் காட்டிட்டாங்க. அந்தப் படம் மதிய ஷிஃப்ட்டுக்கும் போயிடுச்சு. ஒரே செடி, ஒரே ஜன்னல், நமக்கு மட்டும் பூ இல்லைன்னா யாரோ எடுக்கறாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. மகராசங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?

செவ்வாய்க்கிழமை தையல்காரர் முறை. மதியம் அவர் கேட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள மறிச்சேன்.

"அண்ணே, நான் திருடறதை நீங்க பாத்தீங்களா?"

அவர் ஒல்லியான மனுஷன், அறுபது வயசிருக்கும். சட்டைப் பாக்கெட்டுல இன்னும் அளவு டேப் இருக்கும். மெதுவாத்தான் பேசுவார். "பாக்கலைம்மா. காலையில இருந்தது மதியம் இல்ல. நடுவுல அந்தச் செடிகிட்ட போறது நீ ஒருத்திதான்."

"கொட்டிடுச்சுன்னு சொல்றேன் இல்ல?"

"கொட்டினா கீழ கிடக்கணுமே. நான் வர்ற நேரத்துக்கு ஒரு இதழ்கூட கிடந்ததில்லையே."

"நான் கூட்டி அள்ளிடறேண்ணே. ஒரு மணிக்கு நீங்கள்லாம் வரும்போது சுத்தமா இருக்கணும்னு பன்னெண்டரைக்கே கூட்டிடறேன்."

"அள்ளி என்ன பண்றே?"

சும்மா இருந்திருக்கலாம் நான். நியாயம் என் பக்கம்னு நெனச்சு ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய், எருவுக்காகச் சேத்து வெச்சிருந்த சாக்கைத் திறந்து காட்டினேன். சாக்கு நிறைய இதழ். பின்னாடியே வந்த ரெண்டு பேரும் எட்டிப் பாத்தாங்க. அன்னைக்கு முறை இல்லாம ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு அம்மா, "அடேங்கப்பா, மூட்டைக் கணக்குல இருக்கே"ன்னாங்க. இன்னொருத்தர், "இதெல்லாம் வாசனைத் தைலத்துக்கு எடுப்பாங்க, நல்ல விலை போகும்"னார், என்னமோ அவரே கடை வெச்சிருக்கற மாதிரி. வாடிப்போன இதழை மாடுகூட முகர்ந்து பாக்காது, இதுக்கு எவன் காசு குடுப்பான்? சொன்னேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை. நானே என் கையால சாட்சியைக் கொண்டுவந்து குடுத்துட்டேன்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆத்திரத்துல வர்ற அழுகை அது. "அண்ணே, நாளைக்கு உங்களுக்கு முறை கிடையாது. காலையில ஏழு மணிக்கு வந்து செடிக்கு முன்னாடி உக்காருங்க. நான் பத்தடி தள்ளியே நிக்கறேன். பூ எப்படிப் போகுதுன்னு உங்க கண்ணால பாருங்க. நான் தொட்டா என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லுங்க. தொடலைன்னா லெட்டரை வாபஸ் வாங்கணும்."

அவர், "வர்றேன்"னார். மேனேஜரும் ஒத்துக்கிட்டார். அவருக்கென்ன, வெயில்ல உக்காரப் போறது அவரா?

புதன்கிழமை விடிஞ்சு பாத்தா, மேகம். மழை மேகம்கூட இல்ல, அழுக்குப் போர்வையை விரிச்ச மாதிரி ஊர் மேல போத்திக்கிட்டு நகராம நின்ன மேகம். ஒரு மாசமா கொளுத்தின வெயில் அன்னைக்குத்தானா லீவு போடணும்? குளுமையா இருந்தா இந்தப் பூ சீக்கிரம் கொட்டாது.

தையல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துட்டார். கையில கோடு போட்ட சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி குடிக்கலாம்னு டாக்டர் அளந்து குடுத்தது. நான் நாற்காலி போட்டேன். எட்டு மணி வாக்குல மொட்டு ஒவ்வொண்ணா விரிய ஆரம்பிச்சுது. மனுஷன் தானா எழுந்து நின்னுட்டார்.

"என்னம்மா இவ்வளவு கசங்கியிருக்கு?"

"மொட்டுக்குள்ள மடிச்சு வெச்சது அப்படித்தான் வரும். இஸ்திரி போட்டா அனுப்பறாங்க?"

சிரிப்பை அடக்கிக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வரலை. பத்தடி தள்ளி, கைய பின்னாடி கட்டிக்கிட்டு, குத்தவாளி மாதிரி நின்னேன். உள்ளயிருந்து பெரிய சிஸ்டர் வந்து, "என்னக்கா இது, கோர்ட்டா"ன்னு கேட்டாங்க.

பதினோரு மணி ஆச்சு, கொட்டலை. பன்னெண்டு ஆச்சு, கொட்டலை. மத்த நாள்ல இந்நேரம் தரையெல்லாம் வெள்ளையா கிடக்கும். ஒரே ஒரு இதழாவது விழக்கூடாதா? நாலு வருஷமா பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்ட செடி, நேரம் பாத்து என்னைக் கவுத்துடுச்சு.

பன்னெண்டே முக்காலுக்கு மதிய ஷிஃப்ட் ஆளுங்க வந்தாங்க. கேட்டுக்குள்ள கால் வெச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. எட்டுச் செடியிலயும் பூ. முதல்ல எல்லார் முகமும் மலர்ந்துது, அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஒரு பெரியவர் தடியை ஊனிக்கிட்டு கிட்டப் போய் எண்ணக்கூடச் செஞ்சார். அப்புறம் ஒவ்வொருத்தரா திரும்பி என்னைப் பாத்தாங்க.

"ஒரே ஒரு நாள் காவல் போட்டோம், பாத்தீங்களா? அப்படியே இருக்கு"ன்னாங்க மூட்டைக் கணக்குச் சொன்ன அந்த அம்மா.

"மேகம்மா. வெயில் இல்லாததால நிக்குது"ன்னேன்.

"இப்ப மேகத்து மேல பழி போடறியா?"

மேனேஜர் வந்து பாத்தார். அவர் முகத்துல ஒரு நிம்மதி. யோசிக்கற வேலை மிச்சமாச்சு இல்ல? "சரிம்மா, நாளைக்கு வந்து கணக்கை முடிச்சுக்கோங்க"ன்னார், காப்பி சாப்பிடுங்கங்கற மாதிரி. எடுக்காத பூவுக்கு வேலை போகுது. இந்த முழ நிலத்துல நான் ஜல்லி பொறுக்கினப்ப கை கிழிஞ்சு ரத்தம் வந்துது, அன்னைக்கு யாராவது கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்தாங்களா?

எல்லாரும் உள்ள போய் நாற்காலியில சாஞ்சு ஊசி போட்டுக்கிட்டாங்க. தையல்காரர் மட்டும் அதே இடத்துலயே உக்காந்திருந்தார்.

"உங்களுக்குத்தான் தீர்ப்பு கிடைச்சிடுச்சே, கிளம்புங்க அண்ணே"ன்னேன்.

"எப்படிப் போகுதுன்னு பாக்கத்தானே வரச் சொன்னே. இன்னும் போகலையே."

ரெண்டு மணிக்கு என் வேலை நேரம் முடிஞ்சுது. நானும் போகலை. பத்தடி தள்ளி, கட்டின கைய அவுக்காம அப்படியே நின்னேன். மூணு மணிக்கு மேல மேகம் விலகிச்சு. மேற்கு வெயில் சுவத்துல பட்டு அப்படியே செடி மேல அடிச்சுது. ஒரு கால் மணி நேரம் இருக்கும். முதல் இதழ் விழுந்துது. அப்புறம் அதே பூவோட மீதி நாலும். அப்புறம் பக்கத்துக் கிளை. காத்துகூட இல்ல, சத்தம்கூட இல்ல. பாத்துக்கிட்டிருக்கும்போதே எட்டுச் செடியும் உதிர ஆரம்பிச்சுது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்தேன். எட்டு பேரும் ஊசி போட்ட கைய அசைக்காம தலையை மட்டும் தூக்கிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. மூட்டைக் கணக்கு அம்மா மணியை அழுத்தறாங்க. பெரிய சிஸ்டர் என்னமோ ஏதோன்னு ஓடறாங்க. அந்தம்மா ஜன்னலைக் காட்டறாங்க. சிஸ்டர் பாத்துட்டு, இதுக்கா மணி அடிச்சீங்கன்னு இடுப்புல கை வெச்சாங்க.

தையல்காரர் குனிஞ்சு ஒரு இதழை எடுத்தார். அதோட அடி விளிம்பைக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தார். விரலால தடவினார். துணியில கை வெச்சே வயசான மனுஷன், கத்தரி பட்டது எது, கிழிஞ்சது எதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல.

"வெட்டினது இல்ல. பிச்சதும் இல்ல"ன்னார்.

"அதைத்தானே மூணு நாளா தொண்டை கிழியக் கத்தறேன்."

மூணு நாளா நான் மனசுக்குள்ள சேத்து வெச்சிருந்த வசவெல்லாம் நாக்கு நுனியில வந்து நின்னுது. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்க வெக்கணும், வாட்ச்மேனையும் கூப்பிட்டு நிக்க வெக்கணும்னு ஒத்திகையே பாத்து வெச்சிருந்தேன். அவர் நாற்காலியில உக்காந்து அந்த இதழையே பாத்துக்கிட்டிருந்தார். முகம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

"நீ எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா"ன்னார்.

"என்னது?"

"எனக்கு சக்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. குடி கிடையாது, பீடிகூடத் தொட்டதில்ல. எனக்கு ஏன் சார் ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டரைக் கேட்டேன். காரணம் தெரியலைங்க, சில பேருக்கு அப்படி ஆயிடுதுங்கறார். மூணு வருஷம் ஆச்சு. கடை போச்சு. பக்கெட் தண்ணியைப் பாத்தா வாய் ஊறுது. யாரைப் போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறது, சொல்லு? இந்தப் பூ விஷயத்துலயாவது ஒரு ஆள் கிடைச்சாங்களேன்னு இருந்துச்சு. ரெண்டு வாரமா எனக்குத் தெம்பா இருந்துச்சும்மா, உன் மேல கோவப்பட்டு."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "அதுக்கு நான்தான் கிடைச்சேனா? உங்களுக்குத் தெம்பு வேணும்னா என் சோத்துல மண்ணைப் போடுவீங்களா?"

"தப்புதான்"னார். நிமிர்ந்து என் முகத்தைப் பாத்துச் சொன்னார். அப்புறம், "பேனா இருக்கா?"ன்னார்.

மேனேஜர் ரூமுக்குப் போய் லெட்டரை வாங்கிட்டு வந்து, தன் பேர் மேல முதல்ல ஒரு கோடு போட்டார். அப்புறம் ஹாலுக்குள்ள போய் ஒவ்வொரு நாற்காலியா நின்னு, பேப்பரை அட்டை மேல வெச்சுப் பிடிச்சார். கையெழுத்துப் போட்டிருந்தவங்க, எந்தக் கையால போட்டாங்களோ அந்தக் கையாலயே அடிச்சாங்க. மூட்டைக் கணக்கு அம்மா பேனாவை வாங்கறதுக்கு முன்னாடி கண்ணாடி வழியா என்னைப் பாத்து ஒரு தடவை தலையை ஆட்டினாங்க. நான் ஆட்டலை. எனக்குக் கோவம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அன்னைக்கு வராதவங்க பேருக்கு, மறுநாள் நானே கேட்டுல நின்னு கோடு வாங்கிட்டேன்.

புகார்ல ஒரு பேர்கூட மிச்சம் இல்லைன்னதும் மேனேஜர் விட்டுட்டார், செடி தப்பிச்சுது, வேலையும் தப்பிச்சுது. வந்து இறங்கின பிளாஸ்டிக் செடியை மேனேஜர் தன் ரூம்லயே வெச்சுக்கிட்டார். அதுக்கு வாரம் ஒரு தடவை தூசி தட்டற வேலையும் என் தலையிலதான் விழுந்துது.

மறு செவ்வாய்க்கிழமை மதியம் தையல்காரர் வந்தார். ஆளு வாடிப்போயிருந்தார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, என்னைப் பாக்காம, செடியையும் பாக்காம உள்ள போனார். வியாழக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை அவர் படியேற முடியாம கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தப்ப எனக்குப் பொறுக்கலை. சுத்தமான தரையைத் தேவையே இல்லாம இன்னொரு தடவை கூட்டிக்கிட்டே அவர் குறுக்க போனேன்.

"என்ன அண்ணே, இன்னைக்கும் பூவைக் காணோமா?"

அவர் நின்னார். புரியாம என்னைப் பாத்தார். நான் துடைப்பத்தை ஊனிக்கிட்டு, இடுப்புல கை வெச்சு, எவ்வளவு திமிரா நிக்க முடியுமோ அவ்வளவு திமிரா நின்னேன்.

"நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் வித்துட்டேன். என்ன பண்ணுவீங்க?"

அவர் முதுகு மெல்ல நிமிர்ந்துது.

"உன்னை மாதிரி ஒரு திருடியை என் வாழ்நாள்ல பாத்ததில்லடி"ன்னு சத்தமா ஆரம்பிச்சார். வாட்ச்மேன் எட்டிப் பாத்தார். திட்டிக்கிட்டே படியேறினார், திட்டிக்கிட்டே உள்ள போய் நாற்காலியில உக்காந்தார். சிஸ்டர் ஊசி எடுக்கறவரைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நானும் இந்தப் பக்கம் நின்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் குடுத்துக்கிட்டே இருந்தேன்.